ஹீலியாதிஸ் போனது, சின்னபாரினஸும் போனது: சிற்றினக் குழுக்களை ஏன் திருத்துகிறார்கள்?

கேள்வி — 4 ஜனவரி 2025

படிக்கும் காலத்தில் காய்ப்புழுவுக்கு ஹீலியாதிஸ் என்று மனப்பாடம் செய்தேன். வேலைக்கு வந்தபோது அது ஹெலிகோவெர்பா ஆகியிருந்தது. இலையில் சாறு உறிஞ்சும் உண்ணியான சிவப்புச் சிலந்திக்கு டெட்ரானிகஸ் சின்னபாரினஸ் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். இப்போது அப்படி ஒரு சிற்றினமே கிடையாது என்கிறார்கள். பூச்சி அதே பூச்சி, செடி அதே செடி, மருந்தும் அதே மருந்து. வகைப்பாட்டியல்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பெயரை மாற்றுவதால் வயலில் நிற்பவனுக்கு என்ன பயன்? பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஜனவரி, இரவு

கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடுகிறேன். 1965இல் ஹார்ட்விக் ஹீலியாதிஸ் பேரினத்திலிருந்து ஹெலிகோவெர்பாவைத் தனியே எடுத்தபோது நம் பச்சைக் காய்ப்புழு எது என்பதில் மாற்றமே இல்லை. ஆர்மிஜெரா என்ற சிற்றினப் பெயர் அப்படியே இருந்தது, முன்னால் நின்ற பேரினப் பெயர்தான் மாறியது. அது உங்களுக்கு எரிச்சல் தந்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். உரக்கடையில் இன்றும் ஹீலியாதிஸ் என்றுதான் கேட்கிறார்கள், புகையிலை வெட்டுப்புழுவைப் புரோடீனியா என்கிறார்கள். யாருக்கும் நட்டமில்லை.

சின்னபாரினஸ் கதை அப்படியல்ல. அங்கே மாறியது எல்லை. இரண்டு உயிர்கள் என்று நினைத்தது ஒன்றாகிவிட்டது. சில நேரம் இதற்கு நேர்மாறாக, ஒன்று என்று நினைத்தது இரண்டாகும். அப்போது அதுவரை வெளிவந்த ஆய்வுகளில் எது எந்த உயிரைப் பற்றியது என்ற கேள்வியே புதிதாகத் தொடங்குகிறது. இதை உட்கார்ந்த இடத்து வேலை என்று தள்ளிவிட என்னால் முடியாது. நாளை தேனீயைத் தாக்கும் வரோவா உண்ணியைப் பற்றி எழுதுகிறேன்.

5 ஜனவரி

1904இல் ஔடெமன்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் ஜாவாவிலிருந்து வந்த ஓர் உண்ணியை விவரித்தார். ஆசியத் தேனீயான ஏபிஸ் செரானாவின் கூட்டில் எட்வர்ட் ஜேக்கப்சன் சேகரித்தது. அதனால் வரோவா ஜேக்கப்சோனி என்று பெயர். வரோவா என்பது தேனீ வளர்ப்பைப் பற்றியும் எழுதிய ரோமானியர் வாரோவின் நினைவாக.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிழக்காசியாவில் ஐரோப்பியத் தேனீயான ஏபிஸ் மெல்லிஃபெராவின் பெட்டிகளில் இதே போன்ற உண்ணி தென்பட்டது. செம்பழுப்பு நிறம், தட்டையான உடல், நீளத்தைவிட அகலம் அதிகம், ஒரு குட்டி நண்டு போல. பார்த்தவர்கள் ஜேக்கப்சோனி என்று எழுதினார்கள். அது கண்டம் கண்டமாகப் பரவியது. 1987இல் அமெரிக்காவில் நுழைந்தது. போன இடமெல்லாம் பெட்டிகள் காலியாயின. ஒவ்வொரு நாட்டிலும் மருந்து, எதிர்ப்புத்திறன், வாழ்க்கைச் சுழற்சி பற்றி ஆய்வுகள் குவிந்தன. எல்லாவற்றின் தலைப்பிலும் ஜேக்கப்சோனி.

ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜாவாவிலும் பப்புவா நியூ கினியிலும் அதே ஐரோப்பியத் தேனீயின் கூட்டுக்குள் இந்த உண்ணி போகிறது, புழு அறைக்குள்ளும் நுழைகிறது, முட்டை மட்டும் இடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் டெனிஸ் ஆண்டர்சன் இதை 1990களில் கவனித்து எழுதினார். ஒரே சிற்றினம் என்றால் கொரியாவில் கொல்வது ஜாவாவில் ஏன் மலடாக உட்கார்ந்திருக்கிறது? தட்பவெப்பம் என்றும் சொல்லலாம், தேனீயின் இனம் என்றும் சொல்லலாம். அவர் உண்ணியையே சந்தேகித்தார்.

2000இல் ஆண்டர்சனும் ட்ரூமனும் ஆசியா முழுவதிலிருந்தும் திரட்டிய உண்ணிகளின் மைட்டோகாண்ட்ரிய மரபணுவையும் உடல் அளவையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். 18 மரபு வகைகள் கிடைத்தன. ஒன்பது, மலேசியா–இந்தோனேசியப் பகுதியைச் சேர்ந்தவை. அவைதான் உண்மையான ஜேக்கப்சோனி. ஆறு, ஆசியப் பெருநிலத்தையும் அதை ஒட்டிய நாடுகளையும் சேர்ந்தவை, உடலும் பெரியவை. அவற்றுக்கு வரோவா டெஸ்ட்ரக்டர் என்று புதுப் பெயர் வைத்தார்கள். பிலிப்பைன்ஸின் மூன்று வகைகளை எதிலும் சேர்க்காமல் தனியே வைத்தார்கள். எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சான்று போதாத இடத்தில் கையை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உலகெங்கும் தேனீப் பெட்டிகளைக் காலி செய்தது டெஸ்ட்ரக்டர். அதைப் பற்றி எழுதப்பட்ட பல பத்தாண்டுக் கட்டுரைகளின் தலைப்பில் இருப்பது வேறொரு உயிரின் பெயர். அடுத்த வீட்டுக்காரன் பெயரில் பதிவான வழக்கு.

5 ஜனவரி, பின்னிரவு

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து தேனீ வளர்க்கும் அண்ணன் ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார்: "எங்கள் பெட்டிகளில் இருப்பது இந்தியத் தேனீ. அதில் உண்ணி கண்டால் டெஸ்ட்ரக்டர்தானா, பயப்பட வேண்டுமா?"

அண்ணா, நமக்குப் பக்கத்தில் உள்ள இலங்கையின் உண்ணிகளை 2000ஆம் ஆண்டுக் கட்டுரை டெஸ்ட்ரக்டர் பக்கம்தான் வைத்தது. ஆனால் பெயரைக் கண்டு மிரள வேண்டாம். உங்கள் இந்தியத் தேனீயான செரானாவும் இந்த உண்ணியும் நெடுங்காலமாகச் சேர்ந்து வாழ்பவை. செரானாவில் உண்ணி பெருகுவது ஏறத்தாழ ஆண் தேனீ அறைகளில் மட்டும். அதனால் கூட்டின் பெரும்பகுதி தப்பிவிடும். மெல்லிஃபெராவில் பணித்தேனீ அறையிலும் பெருகுவதால்தான் அவ்வளவு நாசம். அந்தத் தாவலை உலக அளவில் செய்தவையும் ஆறு வகைகளில் இரண்டுதான்: கொரிய வகை, ஜப்பான் வகை. அதிகம் பரவியது கொரிய வகை.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து இத்தாலியத் தேனீப் பெட்டி (அதுவும் மெல்லிஃபெராதான்) வாங்கி உங்கள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைப்பவர் இருந்தால், ஆண் தேனீ அறைகள் சிலவற்றைத் திறந்து பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

9 ஜனவரி

சின்னபாரினஸுக்கு வருகிறேன். எனக்கு நெருக்கமான விஷயம் இது. ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜா இலைகளை வைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் கண் வலிக்கப் பார்த்திருக்கிறேன்.

டெட்ரானிகஸ் உர்டிகேவை கோக் 1836இல் விவரித்தார். பச்சை உடல், இரண்டு பக்கமும் கரும்புள்ளி. சின்னபாரினஸ் 1867இல் பாய்ஸ்டுவாலின் பெயரிடல், செந்நிறம். பிறகு வந்தவர்கள் நிறத்தோடு இன்னும் சில அடையாளங்களைச் சேர்த்தார்கள். பெண்ணின் முதுகில் ஓடும் நுண்வரிகளின் மேல் சிறு மடல்கள் இருக்கும். அவை அரைவட்டமா முக்கோணமா என்று பார்க்கச் சொன்னார்கள். ஆணின் புணர்ச்சி உறுப்பின் நுனிக் குமிழ் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள்.

சொல்வது எளிது. ஆண் உண்ணியை லாக்டிக் அமிலத்தில் தெளியவைத்து, தகட்டில் மாதிரியைப் பதிக்கும் ஹோயர் கரைசல் துளியில் போட்டு, சரியாகப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். மேல் கண்ணாடியை வைத்த பிறகு ஊசி முனையால் அதை ஒரு மயிரிழை தள்ளினால் உடல் உருண்டு கொடுக்கும், குமிழ் தெரியும். இன்னொரு மயிரிழை தள்ளினால் அதே குமிழ் வேறு கோணத்தில் வேறு சிற்றினமாகத் தெரியும். ஒரே இலையில் எடுத்த ஆண்களை வரிசையாக வைத்து இதைப் பார்த்தவர்களுக்கு அந்த அடையாளத்தின் மேல் நம்பிக்கை மிஞ்சுவது கடினம்.

2013இல் ஓஷேயும் அவரது குழுவினரும் மடல் வடிவம், மரபணு, முந்தைய கலப்புச் சோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு, இரண்டும் ஒன்றே, நிறம் மட்டும் வேறு என்று எழுதினார்கள். உர்டிகே மூத்த பெயர், அது நின்றது. எனவே கேள்வி கேட்ட தம்பி, உங்கள் மதிப்பெண் உங்களிடமே இருக்கட்டும். ஆனால் "பச்சைச் சிலந்திக்கு மருந்து பிடித்தது, சிவப்புக்குப் பிடிக்கவில்லை" என்று வயலில் கண்டால், காரணத்தைச் சிற்றினத்தில் தேடாமல் அந்தக் கூட்டம் எந்த மருந்தைக் குடித்து வளர்ந்தது என்பதில் தேடுங்கள். திருத்தத்தின் பயன் அங்கே நேரடியாக வயலுக்கு வருகிறது.

9 ஜனவரி, சற்றுப் பின்

"கலந்து குட்டி போட்டால் ஒரே சிற்றினம், இல்லாவிட்டால் வேறு. இதற்கு எதற்கு இவ்வளவு சுற்று?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிலந்தி உண்ணியில் செய்து பாருங்கள், சுற்று எதற்கென்று தெரியும்.

ஈரப்பஞ்சின் மேல் இலைத்துண்டை அடிப்பக்கம் மேலாக வைப்போம். கடைசித் தோலை உரிக்கும் முன் பெண் அசையாமல் கிடக்கும். உடலின் மேல் வெள்ளிப் பூச்சு போல ஒரு பளபளப்பு வரும். அந்த நேரத்தில் ஓர் ஆண் அதன் மேல் ஏறி உட்கார்ந்து காவல் காக்கும். அந்த ஆணை விரட்டிவிட்டு, பெண்ணை வேறு இலைக்கு மாற்றி, நாம் தேர்ந்த ஆணைப் போட வேண்டும். இந்த உண்ணிகளில் கருவுறாத முட்டையும் பொரிக்கும், ஆனால் ஆணாக மட்டும். ஆகவே குஞ்சுகள் இருக்கின்றன என்பதே கலப்பு நடந்ததற்குச் சான்றாகாது. பெண் குஞ்சுகள் வந்தனவா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு மேல் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. அது ஆணிடம் இருந்து பெண்ணிடம் இல்லாவிட்டால், ஒரே ஊர், ஒரே சிற்றினம் என்றாலும் கலப்பு கெட்டுப்போகலாம். கலப்புச் சோதனை நல்ல சாட்சிதான். குறுக்கு விசாரணை இல்லாமல் ஏற்கக்கூடாது.

10 ஜனவரி

டிஎன்ஏவை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கிறார்கள். இல்லை, டிஎன்ஏ மட்டும் போதாது. ஏன் என்பதற்கு அந்துப்பூச்சிப் பக்கம் போக வேண்டும். பொங்கல் கழிந்து எழுதுகிறேன்.

17 ஜனவரி

ஐரோப்பாவின் மக்காச்சோளத் தண்டுத்துளைப்பான் ஆஸ்ட்ரினியா நுபிலாலிஸ். நம் ஊர் மக்காச்சோளத்தைத் துளைக்கும் கைலோ வேறு; குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1970இல் முடுரா, மன்ரோ என்ற இருவர் ஆஸ்ட்ரினியா பேரினத்தை ஆணின் இனப்பெருக்க உறுப்பை வைத்துக் குழுக்களாகப் பிரித்தார்கள். அந்துப்பூச்சியின் வயிற்று நுனியை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளஞ்சூட்டில் ஊறவைத்து, கொழுப்பைத் தூரிகையால் தள்ளிவிட்டால் அங்கஸ் என்ற கொக்கி தெரியும். அது பிளவுபடாமல் இருந்தால் ஒரு குழு, இரண்டாகப் பிளந்தால் இன்னொன்று, மூன்று மடலாக இருந்தால் மூன்றாவது. மூன்றாம் குழுவில்தான் பயிர்களைத் தாக்கும் நுபிலாலிஸ், கிழக்காசியாவின் ஃபர்னகாலிஸ், ஸ்கபுலாலிஸ் எல்லாம் இருக்கின்றன. அந்தக் குழுவுக்குள் உறுப்புகள் ஏறத்தாழ ஒரே மாதிரி. அதனால் ஆணின் நடுக்காலைப் பார்த்தார்கள். அதில் டிபியா என்ற கால்பகுதி மெலிந்திருந்தால் ஒரு தொகுதி, நடுத்தரமானால் ஒன்று, பருத்து உள்ளே மயிர்க்கற்றை இருந்தால் ஒன்று. மெலிந்த கால் நுபிலாலிஸ், பருத்த கால் ஸ்கபுலாலிஸ் என்று ஆயிற்று.

ரஷ்யாவில் ஃப்ரோலோவ் இந்தக் கால் கணக்கைச் சும்மா விடவில்லை. இனப்பெருக்கச் சோதனைகளில் காலின் பருமனைச் சில மரபணுக்களே தீர்மானிக்கின்றன என்று கண்டார். ஒரே இடத்து ஒரே கூட்டத்திலேயே மூன்று வகைக் கால்களும் கிடைத்தன. அப்படியானால் காலை வைத்து சிற்றினம் பிரிப்பது தாங்காது.

எல்லையே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. பிரான்சில் மக்காச்சோளத்தில் வளர்பவற்றையும், மாசிபத்திரி, ஹாப்ஸ் கொடி ஆகியவற்றில் வளர்பவற்றையும் அருகருகே ஆராய்ந்தபோது அவை பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே இணைவது தெரிந்தது. பெண் விடும் இனக்கவர்ச்சி வாசனையில் இருப்பவை ஒரே சேர்மத்தின் இசட், ஈ என்ற இரண்டு வடிவங்கள்; அவற்றின் விகிதம் தலைகீழ். மக்காச்சோளக் கூட்டத்தில் இசட் வடிவம் 97 சதவீதம், ஈ வடிவம் 3. மாசிபத்திரிக் கூட்டத்தில் ஈ வடிவம் 99 சதவீதம், இசட் 1. ஆண்கள் தங்கள் பெண்களின் விகிதத்தைத் தேடி வருகின்றன. மாசிபத்திரிப் புழுக்களை அதிகம் தாக்கும் மேக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி மக்காச்சோளப் புழுக்களை அனேகமாகத் தொடுவதில்லை. குளிர்கால உறக்கத்துக்கு முன் மக்காச்சோளப் புழு தண்டின் அடிப்பகுதிக்கு இறங்குகிறது. அறுவடையில் தப்புவது அப்படி இறங்கியதுதான். மற்றது அந்த அளவுக்கு இறங்குவதில்லை.

2007இல் ஃப்ரோலோவ், பூர்கே, போன்சார் மூவரும் இதையெல்லாம் வைத்து எல்லையை மாற்றி வரைந்தார்கள். மக்காச்சோளத்தில் வாழ்வது நுபிலாலிஸ். மாசிபத்திரி, கஞ்சாச் செடி, ஹாப்ஸ் போன்றவற்றில் வாழ்வது, காலின் பருமன் எதுவானாலும், ஸ்கபுலாலிஸ். மெல்லிய காலுள்ள மாசிபத்திரி அந்துப்பூச்சி ஒரே கட்டுரையில் நுபிலாலிஸிலிருந்து ஸ்கபுலாலிஸுக்கு இடம் மாறியது.

இங்கே மரபணு வரிசை ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் இவை மிக நெருக்கம், தெளிவாகப் பிரிவதில்லை. மக்காச்சோளம் ஐரோப்பாவுக்கு வந்தே ஐந்து நூற்றாண்டுதான் ஆகிறது. வரோவாவில் மைட்டோகாண்ட்ரிய மரபணு முதல் துப்பைத் தந்தது. இங்கே பூச்சியின் நடத்தை தந்தது.

18 ஜனவரி

வாசனை விகிதத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தவறான விகிதத்தில் செய்த கவர்ச்சிக் குப்பியை இனக்கவர்ச்சிப் பொறியில் மாட்டினால் பொறி காலியாக இருக்கும், விவசாயி பூச்சி இல்லை என்று நம்பிக்கொண்டு இருப்பார், தண்டுக்குள் புழு இருக்கும். "வயலில் நிற்பவனுக்கு என்ன பயன்" என்று முதலில் கேட்டீர்களே, இதை விட நேரான பதில் என்னிடம் இல்லை.

21 ஜனவரி

5ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜேக்கப்சோனி ஐரோப்பியத் தேனீயில் முட்டை இடுவதில்லை என்பது இரண்டையும் பிரித்துக் காட்டிய துப்பு. 2008இல் பப்புவா நியூ கினியில் ஜேக்கப்சோனியே ஐரோப்பியத் தேனீயின் அறைகளில் பெருகத் தொடங்கியது. ஆண்டர்சனும் அங்கே இருந்தவர்களும் அதைக் கண்டறிந்தார்கள்.

"அப்படியானால் 2000ஆம் ஆண்டுப் பிரிவு பொய்த்துப்போனதா?" என்று ஒருவர் உடனே கேட்பார். பொய்க்கவில்லை. பிரிவு நின்றது மரபணுவிலும் உடல் அளவிலும். முட்டை இடாதது அந்த வழியைக் காட்டிய குறிப்பு. இன்னும் ஒன்று சொல்வேன்: பிரித்து வைத்ததால்தான் 2008இல் நடந்தது செய்தியே ஆயிற்று. எல்லாவற்றையும் ஜேக்கப்சோனி என்றே எழுதிக்கொண்டிருந்தால் "ஜேக்கப்சோனி ஐரோப்பியத் தேனீயில் பெருகுகிறது" என்ற வரியில் யாருக்கும் புதுமை இருந்திருக்காது. இரண்டாவது உண்ணியும் தாவிவிட்டது என்று எச்சரிக்க ஒருவராலும் முடிந்திருக்காது.

ஆஸ்திரேலியாவில் இதன் மதிப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2016இல் டவுன்ஸ்வில்லில் ஆசியத் தேனீக் கூட்டில் கிடைத்தது ஜேக்கப்சோனி. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் கிடைத்தது டெஸ்ட்ரக்டர். இரண்டாவதை ஒழிக்கப் பெரும் முயற்சி நடந்து, 2023 செப்டம்பரில் கைவிட்டு, கட்டுக்குள் வைத்து வாழும் திட்டத்துக்கு மாறினார்கள். எந்த உண்ணி, எந்தத் தேனீயில் என்பதைப் பொறுத்துத்தான் அங்கே ஒவ்வொரு முடிவும் எடுக்கப்பட்டது.

21 ஜனவரி, இரவு

கேட்காமலே ஒன்று: வரோவா தேனீயின் இரத்தத்தைக் குடிக்கிறது என்றே எல்லோரும் படித்தோம். 2019இல் ராம்ஸி குழுவினர் வளர்ந்த தேனீயில் அது முக்கியமாகக் கொழுப்புத் திசுவைத் தின்கிறது என்று காட்டினார்கள். இழையின் பொருளோடு நேரடித் தொடர்பில்லை. படித்த நாளில் வந்த வியப்பு இன்னும் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

26 ஜனவரி

இந்த இழையில் நான் வந்து சேர நினைத்த இடம் இது. மாதிரிகளைச் சேமியுங்கள்.

ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிந்த மறுநாள், பழைய கட்டுரையில் சொன்ன பூச்சி இரண்டில் எது என்ற கேள்வி வரும். மாதிரி கையில் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையை ஊரை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். மருந்துச் சோதனைக்கு ஆயிரக்கணக்கில் சிலந்தியைக் கொன்று, சதவீதம் கணக்கிட்டு, ஒன்றைக் கூடக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி வைக்காமல் முடித்த ஆய்வேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு காலத்தில் பொறுப்பெடுத்துக்கொண்ட ஓர் அலமாரியில் குப்பிகள் வரிசையாக இருந்தன. சாராயம் ஆவியாகி, உள்ளே துணுக்கு மட்டும். வெளியே ஒட்டிய சீட்டில் "சிலந்தி, கத்தரி". ஊர் இல்லை, தேதி இல்லை, எடுத்தவர் பெயர் இல்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

27 ஜனவரி

எப்படிச் சேமிப்பது என்று கேட்டவர்களுக்கு:

உண்ணிகளில் ஒரு பகுதியை 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள், மரபணுவுக்கு அது. இன்னொரு பகுதியைத் தகட்டில் ஏற்றுங்கள். ஆண்கள் கட்டாயம் வேண்டும், பெண்களை மட்டும் ஏற்றி வைத்தால் டெட்ரானிகஸில் பாதி வேலை நடக்காது. ஹோயர் கரைசல் ஈரத்தை இழுக்கும். மிதமான சூட்டில் நன்றாகக் காயவைத்து, மேல் கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நம் மழைக்காலத்தில் குமிழி விட்டுக் கெட்டுவிடும்.

அந்துப்பூச்சியை ஊசியில் குத்தி இறக்கை விரித்துக் காயவைப்பதோடு, ஒரு காலை எத்தனாலில் தனியாக வையுங்கள். வெட்டிய வயிற்று நுனியைக் கிளிசரின் குப்பியில் போட்டு அதே ஊசியிலேயே மாட்டுங்கள். பிரித்து வைத்தால் எந்த உறுப்பு எந்தப் பூச்சியுடையது என்று பிறகு தெரியாது.

சீட்டைக் குப்பிக்கு உள்ளே போடுங்கள், பென்சிலில் எழுதி. பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். ஊர், வட்டம், தேதி, எந்தச் செடி அல்லது எந்தத் தேனீ, எடுத்தவர் பெயர். செடியை "களை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் களை என்று எழுதுங்கள். ஆஸ்ட்ரினியாவில் எல்லையைத் தீர்த்ததே அந்த ஒரு விவரம்தான்.